பிரான்சில் மணி ஆறேகால்

ஒரே ஒரு ஊரில் பொண்டாட்டிக்குப் பயப்படாத புருஷன் ஒருத்தன் இருந்தானாம். ஊர் சோரியாங்குப்பம். புருஷன் நான்தான், இருசப்பன். பயப்படாமல் இருந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேமுக்கால் வரைக்கும்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. என் மனைவி தையலம்மாளின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போய், அங்கேயே செத்துப்போனார். அவர் மகள் ரோசாலிக்கு நாலு வயது. தாயும் இல்லாமல் கன்னியாஸ்திரி மடத்தில் தனியாகக் கிடந்தாள். பட்டாளத்தார் மகள் என்பதால் அவள் பிரெஞ்சுப் பிரஜை; அவளைத் தத்தெடுக்க எட்டு மாதமாக மனு, முத்திரை, மறுபடியும் மனு. கடைசியாக மிச்சம் இருந்தது ஒன்றுதான். புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த நாளில் போடாவிட்டால் மடத்தார் குழந்தையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதற்கு நடுவில் தவளக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என் ரெண்டாவது பையன எடுத்துக்கடா. கூட ஒரு ஜோடி ஏர்மாடு தரேன்."

நான் மாட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டேன். ரோசாலி வேண்டாம் என்று தையலிடம் சொல்லலாம்தான். சொன்னபிறகு எங்கே சாப்பிடுவது?

தூதரகக் கடுதாசி வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. சுத்தமான ராகு காலம். தபால்காரரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் வாயே திறக்க வேண்டாம். பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளும்.

தூதரக பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். குமாஸ்தா தேவநாதன் கூப்பிட்டார். தையல் முதலில் கையெழுத்துப் போட்டாள். பேனா என் பக்கம் வந்தது.

"ராகு காலங்க. பன்னெண்டுக்கு மேல போடறேன்."

"பன்னெண்டுக்கு ஆபீஸ் சாத்திடுவோம்பா. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அப்ப நம்ம விதி அவ்ளோதான்," என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். மனசுக்குள் ரெண்டு மாடும் கழுத்து மணியை ஆட்டின.

தையல் பதறவே இல்லை.

"மாமா, இது யாரு எடம்?"

"பிரெஞ்சுக்காரன் எடம்."

"அப்ப நாம நிக்கறது பிரான்சுலதானே? ஐயா, அங்க இப்ப மணி இன்னா?"

தேவநாதன் விரல் விட்டு எண்ணினார். "காலையில ஆறேகால்மா."

"வெள்ளிக்கிழம ஆறேகாலுக்கு இன்னா ஓரை மாமா? நீதான் பஞ்சாங்கம் தெரிஞ்சவனாச்சே."

"சுக்கிர ஓரை." என்னைக் கேட்காமல் என் வாய் சொல்லிவிட்டது.

"நல்லதா, கெட்டதா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லது," என்றேன். போட்டேன்.

தேவநாதன் மை ஒற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் ராகு காலம் வேணாம்னு அடம் புடிப்பாங்க. உன் சம்சாரம்தான் போன மாசம் தனியா வந்து, வெள்ளிக்கிழம பத்தரையே வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு."

வாசலில் வைத்துக் கேட்டேன். "நீயாடி கேட்ட?"

"ஆமா. வேற நேரம் குடுத்திருந்தா நீ வேற சாக்கு தேடியிருப்ப. எனக்குப் பதில் தெரிஞ்ச சாக்கா இருக்கட்டும்னுதான்."

"சாக்கா? எனக்கு எதுக்குடி சாக்கு?"

"மாட்டுச் சேதிய அன்னிக்கே ஒங்க அண்ணி சொல்லிட்டாங்க."

ரோசாலிக்குப் பாவாடைத் துணி எடுக்கக் கடைத்தெருப் பக்கம் நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.