ஸ்டிக்கர் உரித்த மைக்

ஜெர்மனி மைக் கைக்கு வரும்வரை ஒரு வரிகூடப் படிப்பதில்லை என்று அறிவிப்பாளர் சபதம் செய்துவிட்டார். சபதம் நடந்த இடம் சமையலறை வாசல். கேட்டது மனைவியார் ஒருவர்தான். அவரும் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அதனால் அவர் விட்ட கண்ணீர் சபதத்துக்கா, வெங்காயத்துக்கா என்பது தெளிவாகவில்லை.

அறிவிப்பாளர் என்றால் ரயில் நிலையத்து அறிவிப்பாளர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் அவருக்கு இன்னும் அதுதான் பெயர். ஒரு காலத்தில் அந்த ஊரில் யார் எந்த வண்டியில் ஏறினாலும் இவர் சொல்லித்தான் ஏறினார்கள். நிலையத்தின் மாடியில் தீப்பெட்டி மாதிரி ஓர் அறை. கண்ணாடி ஜன்னல். மேசைமேல் வாத்துக் கழுத்தாக வளைந்த ஒரு மைக். அதன் அடியில் 'ஜெர்மனியில் செய்தது' என்று பொறித்திருக்கும். காலையில் வந்ததும் கைக்குட்டையால் முதலில் அந்த எழுத்தைத் துடைப்பார். பிறகுதான் தன் முகம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாரானால், மூட்டை தூக்குகிறவர்கூட மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்று கேட்பார்.

மனைவியாரும் முதலில் கேட்டது குரலைத்தான். ஆளைப் பார்த்தது அப்புறம். அவர் அப்போது தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் வண்டி வரவில்லை. ஒலிபெருக்கி மட்டும் "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றது. விறுவிறுவென்று மாடியேறி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"வருந்தறோம்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமாங்க."

"வருந்தற மாதிரியே இல்லையே. சந்தோஷமால்ல சொல்றீங்க!"

"குரலே அப்படித்தாங்க."

"லேட்டுக்குத் திட்டு வாங்கப் போறது நான். இன்னொரு தரம் சொல்லுங்க. இந்தத் தடவை நிஜமா வருந்துங்க."

அவர் மைக்கைப் போட்டு இன்னொரு தரம் வருந்தினார். நிலையமே உருகிப்போயிற்று. "அன்னிக்கு ஆரம்பிச்ச வருத்தம்தான், இன்னும் முடியலை" என்று நண்பர்களிடம் சொல்வார், மனைவியார் பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து.

பிறகு நிலையத்துக்கு இயந்திரம் வந்தது. எண்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒட்டுப்போட்டுப் பேசுகிற இயந்திரம். வாத்துக் கழுத்து மைக் எந்தப் பழைய சாமான் குவியலுக்குப் போனதோ, தெரியாது. அறிவிப்பாளர் வீட்டுக்கு வந்தார்.

இப்போது பார்வையற்றோருக்கான ஒலிநூலகம் ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள். ஒரு நாவலை வீட்டிலேயே வாசித்துப் பதிவுசெய்து தர முடியுமா? பெரிய கருவியெல்லாம் வேண்டாம், கணினியில் சொருகுகிற சின்ன மைக் போதும் என்று சொல்லிப் புத்தகத்தையும் அனுப்பிவிட்டார்கள். கலங்கரை விளக்கக் காவல்காரன் ஒருவனின் கதை. அறிவிப்பாளர் அதைத் தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். திறந்து மட்டும் பார்க்கவில்லை.

"முதல்ல மைக். அது ஜெர்மனியா இருக்கணும்."

"மலிவான மைக்கே போதும்னாங்களே!"

"மலிவா இருக்கட்டும், தப்பில்லை. ஆனா எந்த நாட்டுதுன்னு தெரியணும். நாடு தெரியாத மைக்ல பேசறது, முகம் தெரியாதவன்கிட்ட ரகசியம் சொல்ற மாதிரி."

"நான் தொலைபேசி நிலையத்துல இருந்த காலம் பூரா அதைத்தானே பார்த்தேன்!"

விஷயம் மைத்துனரிடம் போயிற்று. மனைவியாரின் தம்பி சுங்கத்துறையில் இருக்கிறார். கப்பலில் வருகிற சாமானுக்கெல்லாம் எது பிறந்த நாடு என்று பார்க்கிற வேலை.

"மாமா, இந்தக் காலத்துல ஒரு மைக்குக்கு ஒரு நாடுன்னு சொல்லவே முடியாது" என்றார் அவர். "உள்ளே இருக்கிற தகடு ஒரு நாடு. ஒயர் ஒரு நாடு. எல்லாத்தையும் மாட்டி முடுக்கினது வேற நாடு. பெட்டி அச்சடிச்சது இன்னொண்ணு. கடைசியா யார் முடுக்கினாங்களோ அவங்க பேரை ஒட்டிடுவாங்க. நல்லா சோதிச்சு அனுப்பினாங்களான்னுதான் பார்க்கணும்."

"அப்ப ஜெர்மனின்னு எழுதியிருந்தா?"

"கடைசி திருகாணி ஜெர்மனியில முடுக்கினாங்கன்னு அர்த்தம்."

அறிவிப்பாளருக்கு மனசு ஆறவில்லை. தான் நாடிய நாட்டை ஒரு திருகாணியில் அடக்கிவிட்டானே என்று இரண்டு நாள் மைத்துனரோடு பேசவில்லை.

உண்மையான காரணம் வேறு. சமையல் வாயு பதிவுசெய்ய ஒருமுறை போன் செய்தார். தன் பழைய கம்பீரத்தோடுதான் "வணக்கம்" என்றார். எதிர்முனையில் இருந்த பெண் குரல் மரியாதையாகச் சொன்னது: "சொல்லுங்கம்மா."

அவர் போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதலில் ஒரு செருமல். "தொண்டை கம்மல்" என்பார்.

"கம்மல் எனக்கு வாங்கித் தாங்கன்னா, உங்க தொண்டைக்கு வாங்கிப் போட்டுக்கிட்டீங்களா?" என்று மனைவியார் சிரித்து மழுப்பினார். ஆனால் பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் அந்த "சொல்லுங்கம்மா"வை அவரும் கேட்டிருந்தார். காதை வைத்தே பிழைத்தவர். ஒரு குரலில் பயம் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவர். இவர் ஜெர்மனியைத் தேடவில்லை, தேடித் தீராத ஒன்றைத் தேடுகிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மைக் கிடைக்காதவரை குரல் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

ஒரு மத்தியானம் அறிவிப்பாளர் தூங்கி எழுந்தபோது மேசைமேல் ஒரு மைக் நின்றது. கறுப்பு. கட்டைவிரல் பருமன். அடிப்பாகத்தில் ஸ்டிக்கர் உரித்த தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"எந்த நாடு?"

"படிச்சுக் காட்டுங்க, சொல்றேன்."

"ஸ்டிக்கர் எங்க?"

"உரிச்சுட்டேன். ஒரு அத்தியாயம் படிச்சா ஒரு துப்பு."

"துப்பா? மைக்ல எச்சில் படக்கூடாதே!"

"நான் குடுக்கிற துப்புங்க!"

அறிவிப்பாளர் யோசித்தார். துப்பு வாங்கிக்கொண்டு நாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்து, மட்டம் என்று நிரூபித்து, திருப்பி அனுப்பிவிடலாம். அவளை அவள் விளையாட்டிலேயே மடக்கிவிடலாம்.

"சரி. ஆனா இது வெறும் டெஸ்ட்டுதான். நிஜப் பதிவு ஜெர்மனி வந்தப்புறம்."

"டெஸ்ட்டேதாங்க" என்றார் மனைவியார், பணிவாக.

படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்தார்கள். புடவைகளும் போர்வைகளும் எதிரொலியைக் குடித்துவிடும் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். மின்விசிறி நிறுத்தியாயிற்று. மகளுடைய பழைய மடிக்கணினியில் மனைவியார் பொத்தானைத் தட்டினார். அறிவிப்பாளர் வியர்த்து வழிய முதல் அத்தியாயத்தைப் படித்தார். நடுவில் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. காவல்காரன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இடம். "இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது பிளாட்பாரத்திலிருந்து..." என்று வாய் தானாகப் போய்விட்டது. மனைவியார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

அத்தியாயம் முடிந்ததும், "துப்பு!" என்று அறிவிப்பாளர் கை நீட்டினார்.

"அந்த நாட்டுல மழை பெய்யும்."

"எல்லா நாட்டுலயும்தான் பெய்யும்!"

"அப்ப எல்லா நாட்டையும் வச்சுக்குங்க. ஒவ்வொண்ணா கழிக்கலாம்."

மறுநாள் இரண்டாவது அத்தியாயம்.

"கடல் இருக்கா?"

"ஏதாவது ஒரு பக்கம் இருக்கணும்."

"ரயில் ஓடுமா?"

"ஓடாம?"

"நேரத்துக்கு ஓடுமா?"

"அதை அங்க போய்த்தான் கேக்கணும்."

இன்னொரு நாள் அறிவிப்பாளர் பொறுமை இழந்து, "ஜெர்மனி இல்லைங்கறதையாவது ஒப்புக்கோ" என்றார்.

"ஜெர்மனி இல்லைன்னு நான் சொன்னேனா?"

அவ்வளவுதான். அவர் முகம் மலர்ந்தது. பதிவைப் போட்டுக் கேட்டார். "பார்த்தியா, அந்த 'ழ' எப்படி உருளுது! ஜெர்மன்காரனுக்குத்தான் ழகரத்தோட அருமை தெரியும்."

"அவங்க பாஷையில ழவே கிடையாதுங்களே."

"இல்லாதவனுக்குத்தானே அருமை தெரியும்!"

மறுநாள் காபியோடு மனைவியார், "சீனாவா இருந்தாலும் இருக்கலாம்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அறிவிப்பாளர் ஓடிப்போய்ப் பதிவைப் போட்டார். "நினைச்சேன்! தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி இருக்கு. 'ழ' வழுக்கி விழுது."

"இது நேத்து கேட்ட அதே பதிவுதாங்க."

அறிவிப்பாளர் மைக்கைப் பார்த்தார். மனைவியாரைப் பார்த்தார். "நேத்து காத்து வேற பக்கம் அடிச்சிருக்கும்" என்றார்.

மைத்துனரையும் மடக்கிப் பார்த்தார். "மாப்ளே, உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று தேன் ஒழுகக் கேட்டார். "தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லி அக்கா உத்தரவு" என்று போன் வைக்கப்பட்டது.

இப்படியே மத்தியானங்கள் போயின. எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியாது, செருமுவது நின்றிருந்தது. சில நாள் துப்புக் கேட்கவும் மறந்துபோனார். காவல்காரனுக்கு அடுத்து என்ன ஆகிறது என்பதுதான் பெரிதாக இருந்தது.

புயலில் விளக்கு அணைந்துவிடுகிற அத்தியாயம் வந்தது. காவல்காரன் வேறு வழியில்லாமல் மணியை அடித்துக்கொண்டே நிற்கிறான். கப்பல் ஏதாவது இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியாது. படித்து முடித்த அறிவிப்பாளர் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளத்துல பாலம் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இல்லாம?"

"ஒரு வண்டியும் கிடையாது. ஸ்டேஷன் பூரா ஜனம். அறிவிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லை. ஆனா பேச்சை நிறுத்தினா குழந்தைங்கல்லாம் அழ ஆரம்பிச்சிடுது. பொழுதுக்கும் பேசினேன். தண்ணி எங்க கிடைக்கும்னு சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னேன். கடைசியில சொல்ல ஒண்ணுமில்லாம, 'நாங்க இங்கதான் இருக்கோம், நாங்க இங்கதான் இருக்கோம்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"தெரியும். மூணாவது பிளாட்பாரத்துல, யாரோ ஒருத்தர் பெட்டிமேல உக்காந்துக்கிட்டிருந்தேன்."

"நீயா? அன்னிக்கா? சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே. 'இங்கதான் இருக்கோம்'னு சொன்னீங்க. சரி, இந்த ஆளை நம்பலாம்னு தோணிச்சு." மனைவியார் கணினியை மூடினார். "அது எந்த நாட்டு மைக்குன்னு அன்னிக்கு யாரும் கேக்கலைங்க."

அறிவிப்பாளர் மூக்கை உறிஞ்சினார். தொண்டை கம்மல் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

நாவல் முடிந்த மறுவாரம் ஒலிநூலகத்து நிர்வாகி அம்மாள் போன் செய்தார். மனைவியார் ஒலிபெருக்கியில் போட்டார். அறிவிப்பாளர் முந்திக்கொண்டார்.

"மன்னிக்கணும்மா. நல்ல மைக்குக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். கிடைச்சதும் ஆரம்பிச்சிடறேன்."

"எதை ஆரம்பிக்கறீங்க? புத்தகம் முழுசும் வந்து சேர்ந்து, எல்லாரும் கேட்டும் முடிச்சாச்சே!"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!"

"உங்க வீட்டம்மா அத்தியாயம் அத்தியாயமா அனுப்பினாங்களே?"

அறிவிப்பாளர் திரும்பினார். மனைவியார் ஜன்னல் கம்பியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வாசகர் ஒருத்தர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், முதல் வரியிலேயே எழுந்து நின்னுட்டாருங்க" என்றார் நிர்வாகி அம்மாள். "'வேலைக்குப் போன காலம் பூரா என்னைச் சரியான வண்டியில ஏத்திவிட்ட குரல் இதுதான்'னு ஒரே அழுகை. குரல் மாறியிருக்கான்னு கேட்டோம். 'கொஞ்சம் லேட்டா வருது. வண்டி அதேதான்'னு சொன்னார்."

அறிவிப்பாளர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த புத்தகமும் நீங்கதான் படிக்கணும். இன்னும் ஒரு விஷயம்." நிர்வாகி அம்மாள் சிரித்தார். "ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கடைசியிலயும் நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது பதிவாகியிருக்கு."

"ஐயோ! அதை வெட்டிடுங்கம்மா!"

"வெட்டறதா! அதுக்காகவே காத்திருந்து கேக்கறாங்க. இங்க ஜெர்மனிக் கட்சி, சீனாக் கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கறாங்க. டென்மார்க்குக்கு ஒரே ஒருத்தர். தயவுசெஞ்சு இப்பவாவது சொல்லுங்க, அந்த மைக் எந்த நாடு?"

அறிவிப்பாளருக்கு உயிர் வந்தது. எழுந்து நின்றார். தன் முழுக் கம்பீரத்தோடு, நிலையமே கேட்கிற குரலில் மனைவியாரைப் பார்த்து முழங்கினார். "புத்தகம் முடிஞ்சுபோச்சு. ஊரே கேக்குது. இனிமே துப்பெல்லாம் செல்லாது. எந்த நாடு?"

மனைவியார் தூசித் துணியை உதறினார்.

"எனக்கென்னங்க தெரியும்? ஸ்டிக்கரை உரிக்கறப்போ நான் கண்ணாடி போட்டிருக்கலையே!"