தையல் மிஷின் சத்தம்

இந்த முறை எழுந்து நின்று கத்திவிடுவது என்று எழுத்தாளர் தீர்மானித்துவிட்டார். காலையில் மனைவி அவருக்கு முகம் மழித்துவிடும்போதே அதை அறிவித்தும் விட்டார். கன்னத்தில் கத்தி இருந்ததால், கத்தப்போவதைக் கத்தாமல், உதடு அசையாமல் சொல்ல வேண்டியிருந்தது.

அவருடைய நாவல்களில் இரண்டு ஏற்கெனவே படமாகியிருந்தன. முதல் நாவலின் பள்ளி ஆசிரியர் திரையில் போலீஸ் அதிகாரி ஆனார். இரண்டாவதில், செத்துப்போன கிழவி கடைசிக் காட்சியில் எழுந்து வந்து ஆடினாள். இரண்டு தடவையும் அவர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பிறகு சர்க்கரை நோய் கண்ணையும் கொண்டுபோனது. சொல்லச் சொல்ல மனைவியை எழுத வைத்துப் பார்த்தார். வாயிலிருந்து வந்தவை எல்லாம் கடிதம் மாதிரி இருந்தன. எழுத்து அத்தோடு நின்றுபோயிற்று.

இனிக் கெடுப்பதற்கு மிச்சம் இருந்தது தையல்காரன் கதை ஒன்றுதான். மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், அவள் அளவுக்கு ஒரு சட்டையை வெட்டிவைத்துக்கொண்டு, தைத்து முடிக்க மனமில்லாமல் நாளைக் கடத்துகிற கதை. அதைப் படமாக்கியிருந்த இயக்குநர், வெளியாவதற்கு முன்பே போட்டுக் காட்டுவதாகச் சொல்லி வண்டி அனுப்பியிருந்தார்.

மனைவி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்வதாகவும், எந்த இடத்தில் தோன்றுகிறதோ அந்த இடத்தில் அவர் எழுந்து கத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

படம் ஆரம்பித்தது. அவள் காதோடு சொல்ல ஆரம்பித்தாள். சின்னக் கடை. ஜன்னலோரம் மிஷின். ஆணியில் தொங்கும் அளவு நாடா. எல்லாம் அவர் எழுதியபடியே இருந்தன. அவருக்கே ஆச்சரியம். திடீரென்று அரங்கமே அதிர்ந்தது.

“என்ன அது, டடடடன்னு?”

“தையல் மிஷின்தாங்க.”

“இவ்வளவு வேகமாவா?”

“அவசரத் தையல்.”

“யாரோ அலறுறானே?”

“ஊசி குத்திடுச்சு.”

சற்று நேரத்தில் ஒரு கூட்டமே மேளம் தட்டிப் பாடியது. பக்கத்துக் கடை ரேடியோ என்றாள். ரேடியோ மூன்று சரணத்தையும் விடாமல் பாடியது. தையல்கடைக்குள் கார் மோதுகிற சத்தம் கேட்டபோது அவருக்குப் புரிந்துபோயிற்று. கைத்தடியை ஊன்றி எழப்போனார். அப்போது அவள் சொன்னாள்.

“கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. அதை எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிறான். காய்ச்சல்ல கிடந்தப்போ அவ வச்ச கை மாதிரி சில்லுன்னு இருக்கு.”

எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு பொத்தான் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. அது அவருடைய வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு மழைக்காலம் முழுக்க அடித்து அடித்து எழுதியிருந்தார்.

ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் முதல் பிரதியை அவளுக்குத்தான் கொடுப்பார். அடுத்த வாரம் அது சமையலறையில் பருப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கும். உலகமே படித்தாலும் வீட்டில் படிக்க ஆளில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளும் காபி கொடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

திரையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. அவர் அவள் பக்கம் காதைச் சாய்த்து மிச்சக் கதையையும் கேட்டார். கேட்கக் கேட்க, இனித் தன்னால் இப்படி ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்பது அவருக்கு நிச்சயமானது. ஓரிடத்தில் அவள் இரண்டு பக்க வர்ணனையை ஒரேயடியாகத் தாண்டிப்போனாள். அதற்கும் அவர் தலையாட்டினார். தையல்காரன் சட்டையை மடித்து வைக்கிற இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு போட்டதும் இயக்குநர் ஓடிவந்தார். எழுத்தாளரின் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்து அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுத்தாளர் வழக்கம்போல மரியாதையாகக் கைகுலுக்கினார்.

வண்டியில் வீடு திரும்பும்போது அவர் கேட்டார்.

“படிச்சிருக்கேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, எப்படி இருக்குன்னு கேட்பீங்க,” என்றாள் அவள். “எனக்குப் பொய் சொல்ல வராதுங்க.”