மாமனாரும் செலரித் துவையலும்

எதையும் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குக் கௌரவக் குறைச்சல். (இப்போதும் கொஞ்சம் அப்படித்தான்.) அந்தக் குணம் ஒருமுறை என் மாமனாரின் தொண்டையில் போய் நின்றது.

எங்களுடையது காதல் கல்யாணம். மாமனார் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி மகளைப் பார்க்க வருவார், சாப்பிடுவார். என்னோடு மட்டும் பேச மாட்டார். என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "உன் வீட்டுக்காரரை ஃபேனைப் போடச் சொல்லும்மா" என்பார். நானும் சளைக்காமல், "கரண்ட் இல்லேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பேன். நடுவில் கிடந்து அல்லாடியவள் என் மனைவி செல்வி.

"எனக்கு வாய் வலிக்குதுங்க" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

மாமனாருக்குக் கொத்தமல்லித் துவையல் என்றால் உயிர். அடுத்த தடவை அவர் வந்தபோது, செல்வியை அடுப்படிக்குள் விடாமல் நானே களத்தில் இறங்கினேன். தாகேதா சந்தையில் கொழுத்த தண்டோடு ஒரு கட்டு கிடைத்திருந்தது. கொத்தமல்லி இவ்வளவு செழிப்பாகவா என்று பூரித்துப்போனேனே தவிர, கடைக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜலதோஷத்தில் வாசனையும் தெரியவில்லை. பாதி அரைக்கும்போது கரண்ட் போய்விட்டது. மீதியை உரலில் இடித்து ஒப்பேற்றினேன். (ருசி பார்ப்பதும் கௌரவக் குறைச்சல்தானே.)

பரிமாறும் நேரம் செல்வி தயிர் வாங்கக் கீழே போயிருந்தாள். மாமனார் துவையலைப் பிசைந்து ஒரு வாய் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். நார் தொண்டையில் மாட்டி முகம் சிவந்தது. மகளைத் தேடினார், காணோம். என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் படுத்திருந்த பூனையிடம், "தண்ணி... கொண்டாரச் சொல்லு" என்றார்.

பூனை அசையவில்லை. நான் செம்போடு ஓடினேன். குடித்து முடித்து, வாயிலிருந்து நீளமாக ஒரு நாரை உருவி என் முன்னால் நீட்டினார்.

"என்ன மாப்ளே இது?"

"கொத்தமல்லி, மாமா."

"இதுவா?"

செல்வி தயிரோடு வாசலில் நின்றிருந்தாள். "செலரிங்க அது. இலை கொத்தமல்லி மாதிரியே இருக்கும், ஆனா வேற கீரை. இலையை மீன் சூப்புல போடணும், தண்டை நார் உரிச்சுப் பூண்டோட வதக்கணும். பச்சையா யாராச்சும் அரைப்பாங்களா?" என்று சிரித்தவள், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மிச்சத் தண்டை அன்றே இறாலோடு வதக்கினாள். மாமனார் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னிடமே கேட்டார்.

இப்போதும் எங்களுக்குள் முறைப்பு வருவதுண்டு. அவர் பூனையிடம் பேச ஆரம்பித்தால் செல்வி சமாதானமெல்லாம் செய்வதில்லை. பேசாமல் சந்தைக்குப் போய் ஒரு கட்டு செலரி வாங்கி வந்து, உரல் பக்கத்தில் வைப்பாள். அவள் உலக்கையை எடுப்பதற்குள் நாங்கள் பேசிவிடுவோம்.