மயில்மீன் குடியிருந்த மாடி

ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டே கடலில் குடியிருந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் மண்ணூரில் எங்கள் வீட்டு மாடி ரூமில் நாலு வருஷம் இருந்தான்.

தாய் தகப்பன் வைத்த பெயர் கம்பெனி அட்டையில் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. மயில்மீன் என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் அந்த மீன் பேச்சு. ஆள் உயரத்தைவிட நீளமாம், மூக்கு ஈட்டி மாதிரியாம், துள்ளும்போது முதுகில் நீலத் தோகை விரியுமாம். அவனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். கோடை வந்தால் அவன் அப்பா வெளியூர் ஆட்களைப் போட்டில் ஏற்றி, பெரிய மீனுக்குத் தூண்டில் போட அழைத்துப் போவாராம். பத்து வயசில் கூடப் போனவன் ஒரே ஒரு தடவை அந்த மீனைப் பார்த்தானாம். அப்பாவுக்குக் கண் மங்கியதும் போட்டைக் கரையில் கவிழ்த்துவிட்டு, மகனை எங்கள் பக்கத்துக் கார் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். பையன் பெர்மனென்ட் ஆகவேண்டும் என்று அவன் அம்மா மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி கொஞ்சமில்லை.

நான் கீழே மெஸ் நடத்துகிறேன். எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் என் மீன் குழம்பைக் குறை சொன்னவன் கிடையாது. இவனைத் தவிர.

"மசாலா நல்லாருக்கு பெரியம்மா. மீனுதான் செத்து ரொம்ப நாளாச்சு போல."

"உயிரோட வந்து தட்டுல குதிக்கணுமாடா உனக்கு?"

"எங்கூர்ல குதிக்கும்."

முதல் ஷிஃப்ட் வாரங்களில் மூன்றரைக்குக் கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும். நாலு மணிக்கு மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நிற்பான். மே மாசத்தில் அந்நேரம் எங்கள் ஊரில் காக்கைகூடப் பறக்காது. இவன் செருப்பில்லாமல், சூட்டுக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடிப்பான். கொஞ்ச நேரத்தில் துணிக்கொடி லேசாக ஆடும்.

"வந்துட்டு பெரியம்மா. கொண்டல் காத்து. கடல்லருந்து நேரா வருது."

"இன்னாத்த வந்துச்சு? லாரிப் பொகைதான் வருது."

"அதுக்குப் பின்னாலயே உப்பு வருது. நல்லா இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தேன். லாரிப் புகைதான்.

ஒரு தீபாவளிக்கு எல்லாப் பையன்களும் சட்டை எடுத்தார்கள். இவன் தூண்டில் கம்பும் ரீலும் வாங்கி வந்தான். தங்கூஸ் நரம்பின் முனையில் கம்பெனி நட்டு ஒன்றைக் கட்டி, மாடியிலிருந்து வீசிப் பழகுவான். முதல் வீச்சிலேயே எதிர் வீட்டு டீச்சரம்மாவின் சேலை கொடியிலிருந்து கிளம்பி, தெருவைத் தாண்டி எங்கள் மாடிக்குப் பறந்து வந்தது.

டீச்சரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னா தம்பி, கடல்ல சேலையும் மாட்டுமா?"

"மயில்மீன் இதவிட வேகமா வரும் டீச்சர்" என்றான் இவன். கிண்டலில்லை, நிஜமாகவே சொன்னான்.

அடுத்தது ஷேர் ஆட்டோ. படப்பைப் பக்கம் போகும் ஆட்டோவின் பின் கம்பியில் நரம்பைக் கட்டிவிட்டு, "அண்ணே, முடிஞ்ச மட்டும் வேகமா போங்க" என்றான். ஆட்டோக்காரன் ஒத்துக்கொண்டான். உள்ளே இருந்த ஆறு பேரிடம் யாரும் சொல்லவில்லை. ரீல் கிர்ரென்று கத்த, இவன் தெரு நடுவில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தான்.

"யோவ், பின்னாடி ஒருத்தன் நம்ம வண்டிய புச்சு இஸ்துகினு கீறான்யா" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"இழுத்து நிறுத்தேன்டா, போய்க்கினே கீது" என்றேன் நான்.

"ஓடுறப்ப இழுக்கப்படாது பெரியம்மா. அறுத்துக்கிடும். விடணும். ஓட விட்டுட்டு கையில வச்சிருக்கணும், அவ்வளவுதான்."

கம்பெனியில் வருஷா வருஷம் மே மாசம் ஒரு வாரம் லைனை நிறுத்தி மெஷின்களைப் பிரித்து மேய்வார்கள். ஷட்டவுன் என்று பெயர். பையன்கள் ஊருக்குப் போவார்கள். இவன் மட்டும், "இந்த ஷட்டவுன்ல கோவளத்துல ஒரு போட்டு பேசிட்டேன். பெரியம்மாவும் வாறீங்க" என்பான். கடைசி நேரத்தில் மெஷின் வேலைக்கு வா என்று கூப்பிட்டுவிடுவார்கள், போய்விடுவான். மூன்று வருஷம் இப்படியே போனது. மயில்மீன் என்று ஒரு மீனே கிடையாது என்று மெஸ்ஸில் தீர்ப்பாகிவிட்டது.

நாலாவது வருஷம் சூப்பர்வைசர் கூப்பிட்டு, ஷட்டவுன் வேலைக்கு வந்தால் பெர்மனென்ட் லிஸ்டில் பேர் வரும், வராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். என்னிடம் வந்து கேட்டான்.

"போய் பெர்மனென்ட் ஆவுற வழியப் பாருடா. மீனு எங்க போவப் போவுது" என்றேன்.

"சரி பெரியம்மா" என்றான்.

அன்றைக்கு நாலு மணிக்கு மாடிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் நான் வைத்த கானாங்கெளுத்திக் குழம்பை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிளகாயும் மல்லியும் வறுத்து, பெரிய குண்டான் நிறைய மசாலா அரைத்தேன்.

"எதுக்கு பெரியம்மா இம்புட்டு?"

"மீனுக்கு."

"எந்த மீனுக்கு?"

"நீ புடிக்கப் போறியே, அதுக்கு."

மாடிக்கு ஓடிப்போய்க் கம்பை எடுத்துத் துடைத்தான்.

ஷட்டவுன் தொடங்கியதும் கோவளத்துக்குப் போனோம். பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்களுடையது தூண்டில் போடும் சின்ன பைபர் போட்டு. மயில்மீன் இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். கூட, மெஸ்ஸில் சாப்பிடும் பெயின்ட் ஷாப் பையன், வெல்டிங் பையன், நான், என் குண்டான். பையன்கள் இரண்டு பேரும் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் மணி அடித்தால் கையில் இருப்பதை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு இடம் மாறவேண்டும். அதே பழக்கத்தில் இங்கேயும் இருபது நிமிஷத்துக்கு ஒருவர் என்று போனில் அலாரம் வைத்தார்கள். மூன்று சுற்று போனது. வெயில் ஏறியது. பெயின்ட் ஷாப் பையன் முறையில் ரீல் திடீரென்று அலறியது.

"விடு, விடு, ஓடட்டும்" என்று மயில்மீன் எழுந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்து அலாரம் அடித்தது. பெயின்ட் ஷாப் பையன் கம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடப் போனான்.

கை மாறிய அந்த நொடியில் நரம்பு தொய்ந்தது. தூரத்தில் தண்ணீர் பிளந்தது. எங்கள் வீட்டு பீரோவைவிட நீளமாக ஒன்று மேலே எழும்பி, முதுகில் நீலமாக விரித்து, தலையை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே போய்விட்டது. தூண்டில் முள் வெறுமனே திரும்பி வந்தது.

"ஏன்டா குடுத்த?" என்றான் வெல்டிங் பையன்.

"பெல் அடிச்சிருச்சுல்ல" என்றான் அவன். அழுதுவிடுவான் போலிருந்தது.

மயில்மீன் இன்ஜினை நிறுத்தினான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன்.

"பாத்தீங்கல்லா பெரியம்மா?"

"பாத்தேன்டா."

"தோக விரிச்சிச்சுல்லா?"

"விரிச்சிச்சு."

"நான் பொய் சொல்லலல்லா?"

"இல்லடா ராஜா."

குனிந்து கடல் தண்ணீரை அள்ளி முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

கரையில் அரைக் கிலோ சங்கரா வாங்கி, அந்தக் குண்டான் மசாலாவில் கொஞ்சம் தடவிச் சாப்பிட்டோம். மிச்ச மசாலாவை ஒரு மாசம் மெஸ்ஸில் கத்தரிக்காய்க்குப் போட்டேன். லிஸ்டில் அவன் பேர் இல்லை. அவன் போய்ப் பார்க்கவும் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, கவிழ்த்து வைத்த போட்டை நிமிர்த்த ஊருக்குப் போய்விட்டான்.

அவன் அம்மா போன் பண்ணி அரை மணி நேரம் திட்டினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

"ஒங்க பேச்சக் கேப்பானே. புடிச்சு நிறுத்தப்படாதா?"

"ஓடுற நேரத்துல இஸ்தா அறுந்துபூடும்மா" என்றேன்.

இப்போது அவனும் வெளியூர் ஆட்களைக் கோடையில் தூண்டில் போட அழைத்துப் போகிறான். ஆட்களை ஏற்றுமுன் சில நாள் எனக்குப் போன் வரும். எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டான்.

"அங்க காத்து எப்படி பெரியம்மா?"

மாடி ரூமில் இப்போது வேறு பையன்கள். எங்கள் ஊர் வெயிலுக்குத் துணி பன்னிரண்டு மணிக்கே காய்ந்துவிடும். நான் நாலு மணிக்குத்தான் எடுக்கப் போகிறேன்.