மெக்கானிக்குக்குத் தெரியக் கூடாத வண்டி

"அண்ணே, நீங்க என் கடைப் பக்கம் வந்து இருபத்து நாலு நாள் ஆகுது. வண்டி நல்லா இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

போனில் மெக்கானிக்கின் குரலைக் கேட்டதும் கதவுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். கதவும் ஜன்னலும் செய்து வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பொருத்துவது அவர் தொழில். அவர் அப்போது சாய்ந்து உட்கார்ந்திருந்தது புத்தம் புதிய மின்சாரப் பிக்கப் வண்டியில். மெக்கானிக் நலம் விசாரித்தது அவருடைய பதினெட்டு வருடத்து டீசல் பிக்கப்பை. அந்த டீசல் வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குவது மெக்கானிக்குக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

"வண்டிக்கென்ன தம்பி, ஜம்முனு இருக்கு. இப்பக்கூட ஸ்டார்ட்லதான் நிக்குது."



"ஸ்டார்ட்லயா நிக்குது? சத்தமே கேக்கலையே!"

மாட்டிக்கொண்டார். டீசல் வண்டி ஸ்டார்ட்டில் நின்றால் அடுத்த தெருவில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீரிட்டு அழும். இந்தப் புது வண்டியோ மூச்சு விடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்க வேண்டிய ஜாதி. கதவுக்காரர் குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடினார். புது வண்டியின் பின் தொட்டியில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. அதில் இழைப்பு மெஷினைச் செருகி வைத்திருந்தார். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனை அதன் பக்கத்தில் பிடித்தார்.

"ஐயையோ!" என்று மெக்கானிக் அலறினார். "என்னண்ணே இது சத்தம்? பேரிங் போச்சு! பெல்ட்டும் போச்சு! ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க! அங்கயே நில்லுங்க, நான் கிளம்பி வரேன்."

"வேணாம் தம்பி! நீ வராதே! நாளைக்குக் காலையில நானே கொண்டாரேன்."

"கட்டாயம் வரணும். இல்லேன்னா நான் வீட்டுக்கே வந்துடுவேன்."

கதவுக்காரர் போனை வைத்தார். இழைப்பு மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு மெக்கானிக்குக்குப் பயப்படுவானேன் என்று கேட்கலாம். பயம் இல்லை, பாசம். பதினெட்டு வருடமாக அந்த வண்டி வாரம் ஒரு முறையாவது படுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது மெக்கானிக் வந்து எழுப்பிவிடுவார். தன் நிச்சயதார்த்தத்தன்று, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர், கதவுக்காரரின் வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று கேட்டதும் எழுந்து ஓடிவந்து வண்டிக்கு அடியில் புகுந்த மனிதர். திரும்பிப் போகும்போது பட்டுச் சட்டை முழுக்கக் கிரீஸ். அதைப் பார்த்த பெண் வீட்டார் மாப்பிள்ளையை மாற்றிவிடலாமா என்று யோசித்தார்களாம். "இந்த ஆளே இருக்கட்டும்" என்று சொன்னது அந்தப் பெண்தான்.

அப்படிப்பட்டவரிடம் போய், "தம்பி, இனி உன் தயவு எனக்குத் தேவையில்லை" என்று எந்த வாயால் சொல்வது?

கதவுக்காரர் ஒன்றும் ஆசைப்பட்டு மாறவில்லை. மகள்தான் மாற்றினாள். "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டறீங்க அப்பா?" என்று கேட்டாள். மிஞ்சிப்போனால் அறுபது. "இது இருநூறு போகும்." எட்டுக் கதவு ஏற்றினால்? "நூத்தைம்பது போகும்." மேடு வந்தால்? "ஏறும்." மழை வந்தால்? "நனையும்."

வாங்கிய முதல் நாள் வழக்கம்போல் தண்ணீர் ஊற்ற முன்மூடியைத் திறந்தவர், "அடியேய், எஞ்சினை வைக்காம குடுத்துட்டானுங்க!" என்று கத்தினார். இப்போது அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடையும் குடையும் இருக்கின்றன. தள்ளி ஸ்டார்ட் செய்ய வசதியாக இருக்கும் என்று இன்றைக்கும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துகிறார். அந்தப் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. மற்றபடி, போகிற வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்ற கவலை இல்லை, வண்டியிலிருந்தே மெஷினை ஓட்டலாம். சாயங்காலம் காது இரைச்சல் இல்லை. மனைவி பேசுவது முதல் தடவையிலேயே கேட்கிறது. இது மட்டும்தான் குறை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார்.

மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கினார். சாவியைத் திருகினார்.

பதினெட்டு வருடத்தில் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆனது அன்றைக்குத்தான். ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. இருபத்து நாலு நாள் ஓய்வில் உடம்பு தேறியிருந்தது.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார்.

"வண்டி ஓடுதுன்னு அழற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி.

"பேரிங் போன சத்தத்தை நேத்து அவன் காதால கேட்டிருக்கான். இன்னிக்கு இது இப்படி சமத்தா போய் நின்னா, சந்தேகம் வராதா?"

முன்மூடியைத் திறந்து ஒரு ஒயரைக் கழற்றினார். வண்டி ஓடியது. இன்னொன்றைக் கழற்றினார். நின்றது. பயந்துபோய் இரண்டையும் திரும்ப மாட்டி முறுக்கினார். சாவியைத் திருகினார். ஊஹூம். தள்ளிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார்.

"ஒரு மனுஷன்கிட்ட உண்மையைச் சொல்லப் பயந்து, நல்லா இருந்த வண்டியக் கொன்னுட்டீங்களே" என்றாள் மனைவி.

"அவனை இங்க கூப்பிட முடியாது. வந்தா புதுசப் பாத்துடுவான். இதைத்தான் அங்க கொண்டு போகணும்."

"எப்படி?"

இருவருடைய பார்வையும் ஒரே நேரத்தில் புது வண்டியின் மேல் போய் நின்றது.

கதவு கட்டும் கயிற்றை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டினார். முன்னால் புது வண்டியில் கதவுக்காரர், பின்னால் செத்த வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவி. டீசல் வண்டியை மின்சார வண்டி சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவதைத் தெருவே நின்று பார்த்தது. கதவுக்காரருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நேற்றைய கலவரத்தில் சார்ஜ் போட மறந்தது பாலத்தின் மேல் ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது பதினெட்டு சதவீதம். பாலம் இறங்கும்போது ஏழு.

"இதென்ன, ஓட்டைப் பானை மாதிரி ஒழுகுது!" என்று ஜன்னல் வழியே பின்னால் பார்த்துக் கத்தினார்.

"பத்திரமாத்தான் வரேன்!" என்று மனைவி பதிலுக்குக் கத்தினாள். "வீட்டிலேருந்து பிரேக்கை விட்டுக் காலையே எடுக்கலை!"

மெக்கானிக் கடைக்கு ஒரு தெரு முன்னால், மூலையில், புது வண்டியை ஓரங்கட்டியபோது திரையில் ஒரு சதவீதம் மின்னியது. பிறகு அதுவும் மின்னவில்லை.

"நீ இதுக்குள்ள உக்காந்து குனிஞ்சுக்கோ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, கதவுக்காரர் பழைய வண்டியில் ஏறிக்கொண்டார். நல்லவேளையாகக் கடை வரை சரிவு. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக உருண்டு, கடை வாசலில் மெக்கானிக்கின் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா வந்தீங்க?"

"சத்தம் கேட்டா உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

மெக்கானிக் முன்மூடியைத் திறந்தார். கதவுக்காரர் நிழல் தேடிக் கடையின் பின்பக்கக் கொட்டகையை நோக்கி நகர்ந்தார். சாத்திய கொட்டகை. கதவுக்கு அடியில் தடித்த ஆரஞ்சு ஒயர் ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அங்க போகாதீங்கண்ணே!" என்று மெக்கானிக் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "நாய் இருக்கு. கடிக்கும்."

ஒரு வருடமாக அந்த நாய் அங்கே இருக்கிறது. ஒரு நாள்கூடக் குரைத்துக் கேட்டதில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டு கதவுக்காரர் திரும்பி வந்தார். மெக்கானிக்கின் எல்லாமே இப்போது கொஞ்சம் அமைதிதான். முன்பெல்லாம் அவர் வருவது இரண்டு தெருவுக்கு முன்பே கேட்கும். இந்த ஒரு வருடமாக, வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தால், முதுகுக்குப் பின்னால் வந்து "என்னண்ணே?" என்று கேட்கும்போதுதான் வந்ததே தெரிகிறது.

"அண்ணே, இந்த ஒயர்ல யார் கை வச்சது?"

"எலி தம்பி. வீட்டுல எலித் தொல்லை தாங்கலை."

"எலின்னா கடிச்சிருக்கும். இது ரெண்டு ஒயரை இடம் மாத்தி மாட்டி, நட்டையும் முறுக்கியிருக்கு. நல்லாப் படிச்ச எலி." மெக்கானிக் கீழே குனிந்தார். "பேரிங்கும் நல்லா இருக்கு, பெல்ட்டும் நல்லா இருக்கு. அப்புறம் முன்னாடி பம்பர்ல இது என்ன கயிறு?"

அவிழ்த்த அவசரத்தில் ஒரு துண்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"கதவு கட்டற கயிறு."

"முன்னாடியா கதவு கட்டறீங்க?"

கதவுக்காரர் அவசரமாகக் கயிற்றை உருவப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "இன்னும் எவ்வளவு நேரம் குனிஞ்சு கிடக்கறது? கழுத்து பிடிச்சுக்கிச்சு! ஃபேனும் நின்னு போச்சு!"

"அண்ணி எங்க இருக்காங்க?" என்றார் மெக்கானிக்.

"வீட்டுல. வீடு பெருக்கறா."

மெக்கானிக் திரும்பி வண்டிக்குள் குனிந்தார். ஒயர்களை இடம் மாற்றி மாட்டினார். வண்டி குடுகுடுவென்று உயிர் பெற்றது. பிறகு முன்மூடியை மூடி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணே, மத்தவங்க வண்டின்னா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னு எப்பவோ சொல்லியிருப்பேன். உங்களுக்கு இது உசிரு. எனக்குத் தெரியும். நான் இருக்கற வரைக்கும் இதைக் கைவிட மாட்டேன். கரண்ட்டு வண்டி, அந்த வண்டி, இந்த வண்டின்னு ஆயிரம் வரட்டும். நமக்கெல்லாம் அது சரிப்படாது, இல்லையாண்ணே?"

எலி என்று பொய் சொல்லிவிடலாம், கயிறு என்று பொய் சொல்லிவிடலாம். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்லக் கதவுக்காரரால் முடியவில்லை. பதினெட்டு வருட உறவு இன்றோடு போனாலும் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நான் கரண்ட்டு வண்டி வாங்கிட்டேன். இருபத்து நாலு நாளா அதைத்தான் ஓட்டறேன். நேத்து நீ கேட்டது இழைப்பு மெஷின் சத்தம். எலியும் நான்தான். உன் மனசு நோகுமேன்னு மறைச்சேன். அது மூலையில சார்ஜ் இல்லாம நிக்குது, உன் அண்ணி அதுக்குள்ள குனிஞ்சு உக்காந்திருக்கா. என்னை என்ன வேணா சொல்லு. ஆனா பேசாம மட்டும் இருந்துடாதே."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. அவர் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. கதவுக்காரரைப் பார்த்தார், பின்பக்கக் கொட்டகையைப் பார்த்தார். சண்டைக்கு வரப்போகிறாரா, அழப்போகிறாரா என்று கதவுக்காரருக்கு விளங்கவில்லை.

அப்போது உள்ளிருந்து கொட்டகைத் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தமும், கூடவே மெக்கானிக்கின் மனைவியின் குரலும் கேட்டன.

"ஏங்க, நம்ம கரண்ட்டு வண்டிக்குச் சார்ஜ் ஃபுல்லாயிடுச்சு, ஒயரை உருவி மூலையில நிக்கற அண்ணன் வண்டிக்குப் போடட்டுமா, இல்ல அவர் மனசு நோகும்னு நீங்க இன்னும் ஒரு வருஷம் நாய் வளக்கப் போறீங்களா?"