சூ-ரானின் டிரம்ஸுக்கு நேர்ந்த திருத்தங்கள்

மனித குலத்தின் பிழைகளைத் திருத்த அவ்வப்போது மகான்கள் அவதரிப்பதுண்டு. தேகு நகரத்தின் பங்குக்கு அவதரித்தவர் பியோ கி-ஹுன். வேலை நாளில் வட்டார அலுவலகத்தில் படிவங்களைத் திருத்துவார். விடுமுறையில், பாதி பூமிக்குள் புதைந்த தம் வீட்டில், பாட்டுகளைத் திருத்துவார். அங்கே கூடும் இசைக்குழுவின் பாடகரும் அவரே, ஒலிப்பதிவாளரும் அவரே. தலைவர் பதவிக்கு வேறு யாரும் மனுப் போடவில்லை.

டிரம்ஸ் வாசிக்கும் சூ-ரான் நகரப் பேருந்து ஓட்டுநர். நகராட்சி இசை விழாவுக்குப் பாட்டு அனுப்ப வேண்டுமென்று இரண்டு நாள் விடுப்பெடுத்து, மணிக்கட்டு வீங்க வாசித்துக் கொடுத்தாள். கி-ஹுன் அதைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார். யாரோ அட்டைப்பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலிருந்தது.

“உன் அடியில குறைபாடு இருக்கும்மா.”

“அண்ணே, மைக் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்குது.”

“அது தொழில்நுட்பம். உனக்குப் புரியாது.”

‘சீரமைப்பு’ தொடங்கியது. காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்குப் பதில் கணினியிலிருந்த ஒரு சத்தம் நியமிக்கப்பட்டது. பிறகு சின்ன டிரம், அப்புறம் பித்தளைத் தட்டுகள். தாளம் முந்திய இடமும் பிந்திய இடமும் கோடு போட்டு நேராக்கப்பட்டன.

“நான் வாசிச்சதுல இப்ப என்னண்ணே மிச்சம்?”

“உணர்வு.”

“எங்க, காணோம்?”

“இருக்கு. இடைஞ்சலா இருந்துச்சு, சத்தத்த அணைச்சு வச்சிருக்கேன்.”

திருத்தப்பட்ட பாட்டு விழா அலுவலகம் போய்ச் சேர்ந்தது. நான்காம் நாள் அங்கிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார்.

“எங்க விதிப்படி மனுஷங்க வாசிக்கணும் சார். உங்க டிரம்ஸ் மெஷினு.”

பக்கத்தில் நின்று கேட்ட சூ-ரான் போனைப் பிடுங்கினாள். “நாந்தாம்மா வாசிச்சேன்!”

“அப்ப நீங்க வாசிச்சத அனுப்புங்க. நாளைக்குள்ள.”

அவள் போனை வைத்தாள். மைக்கைச் சுவரிலிருந்து திருப்பி டிரம்மைப் பார்க்க வைத்தாள். அதற்கு ஆன காலம் ஒரு நிமிடம். ஒரே ஒரு முறை வாசித்தாள். போட்டுக் கேட்டபோது நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. அவளுக்கே கண் கலங்கியது.

“பாத்தியா, என் திருத்தம் உன் கையிலயே இறங்கிருச்சு!” என்று கி-ஹுன் பெருந்தன்மையுடன் பாராட்டினார்.

இப்போது டிரம்ஸ் தெளிவாகக் கேட்டதால் கி-ஹுனின் பாட்டும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது வரியிலேயே சுருதி இறங்கிப் போயிருந்தது.

“அண்ணே, குரலையும் கொஞ்சம் சரி பண்ணிரலாமா?”

கி-ஹுன் எழுந்து நின்றார். முகத்தில் ஓர் ஒளி.

“குரல்ங்கிறது மனுஷனோட ஆத்மா. அதுல கை வைக்கிறது பாவம்.”

“அப்ப இத்தன நாளா நீங்க அணைச்சு வச்சிருந்தது யாரோட ஆத்மா?”

“கேள்வி நல்லாத்தான் இருக்கு,” என்றார் கி-ஹுன். “தொனியத்தான் திருத்தணும்.”