படுத்துப் பார்த்த கோட்டு

ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்த நிமிடத்தில் எனக்கு முதலில் தோன்றியது "ஐயோ" இல்லை. "தோள் அழகாக உட்கார்ந்திருக்கிறது" என்பதுதான். அவர் போட்டிருந்தது நான் தைத்த கோட்டு. இதை வெளியே சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போன அப்பாவும் அம்மாவும் என்னை ஆடைத் தொழில்நுட்ப டிப்ளமோ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். சான்றிதழை லேமினேஷன் செய்து சாமி படங்களோடு மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் அம்மா பொட்டு வைத்தாள். ஆறே மாதத்தில் என் பெயர் குங்குமத்துக்குள் மறைந்துவிட்டது.

போடி பஜாரில் அக்கா புருஷனுக்குத் தையல் கடை. மச்சான் இருபது வருடமாகச் சட்டையும் பேண்டும் தைக்கிறவர். நான் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் நூலோட்டம் பற்றி வகுப்பு எடுத்தேன். துணியின் கரையோடு ஓடுவது நெடுக்கு நூல். அது இழுத்தால் நீளாது. அகலவாட்டில் ஓடுவது குறுக்கு நூல்; லேசாக இளகும். மூலைவாக்கில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். இதைத்தான் கிராஸ் என்கிறோம். மேல்துணி எந்த வாக்கில் தொங்குகிறதோ அதே வாக்கில்தான் உள்ளே லைனிங்கும் தொங்க வேண்டும், அதுவும் கொஞ்சம் தாராளமாக. பால் ஊற்ற வந்தவர்கூட இதை மனப்பாடமாகச் சொல்வார்.

நாலு கடை தள்ளி ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர் ஞானமுத்து ஐயா. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்கு முன்னால் ஏலக்காய் வாசம் வந்துவிடும். போன பிறகும் அரை மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கறுப்புக் கோட்டுத் துணியை மேஜையில் வைத்துவிட்டு, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது பெட்டிக்குத் தம்பி."

எந்தப் பெட்டிக்கு என்று கேட்டேன். (படித்தவன்.)

"என்னைய வைக்கிற பெட்டிக்கு."

தன் கல்யாணத்துக்கு யாரிடமோ இரவல் கோட்டு வாங்கிப் போட்டாராம். கை விரலைத் தாண்டித் தொங்கியிருக்கிறது. கோயிலில் ஒரே சிரிப்பு. "போட்டோவுல எனக்குக் கையே இல்ல தம்பி. போறப்பவாச்சும் கை வெளிய தெரியணும்," என்றார். வீட்டுக்காரம்மா ரூத்தம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அதுவரை கடையில் கோட்டு தைத்ததில்லை. மச்சான் அன்று இரவுச் சாப்பாட்டில் என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துப் பேசினார். கோட்டு சரியாக வந்தால் போர்டில் "கோட்டும் தைக்கப்படும்" என்று எழுதலாம். சொதப்பினால் நான் ஓடைப்பட்டிக்குப் போய்த் திராட்சைக்கு நூலோட்டம் சொல்லிக் கொடுக்கலாம்.

லைனிங் என்ன நிறம் என்று கேட்டேன். "ரூத்து நிச்சயத்துக்குக் கட்டியிருந்த சேலைக் கலரு. மாதுளம் முத்து கணக்கா இருக்கும்," என்றார். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "நான் உள்ளதானே இருக்கப் போறேன்."

அந்த நிறத்தில் சாட்டின் தேனி முழுக்கத் தேடியும் ஒரே துண்டுதான் கிடைத்தது. உடம்புக்கு நெடுக்கு நூலில் வெட்டியதும் கைக்கு நீளம் பற்றவில்லை. மேஜை முன்னால் நின்று யோசித்தேன். (என் வாழ்க்கையின் எல்லா விபத்துகளும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும்.) லைனிங்கைத் தாராளமாக விடுவது எதற்கு? கையை நீட்ட, மடக்க. இந்தக் கோட்டுக்காரர் கையை ஆட்டப் போகிறாரா? மாட்டார். அப்புறம் என்ன? மிச்சத் துண்டைத் திருப்பிப் போட்டு, கைக்கான லைனிங்கைக் கிராஸில், இரண்டு விரற்கடை குட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைத்தேன். நான் ஊருக்கெல்லாம் எடுத்த வகுப்பில் நானே பெயிலான இடம் அது.

ஐப்பசி மாதம். மதியம் மூன்று மணிக்கே மலையிலிருந்து மூட்டம் இறங்கிப் பஜார் விளக்கில்லாத கிணறு மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் வேறு இல்லை. மச்சான் பட்டன் வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். ஐயா வந்து கோட்டைப் போட்டு நின்றார். மணிக்கட்டுக்குக் கீழே கை முழுசாகத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் போர்டே எழுதியாகிவிட்டது.

அவர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"நான் இதைப் போட்டுக்கிட்டு நிக்கப் போறதில்லையே தம்பி. படுத்துல்ல பாக்கணும்."

நியாயம்தான். வெட்டுமேஜையை ஒழித்துக் கொடுத்தேன். ஏறிப் படுத்து, கால்களைச் சேர்த்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் டேப்பை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை அளந்தேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியாது.) மூலையில் தலையில்லாத பொம்மை எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. தலையே இல்லாமல் அது எப்படிப் பார்த்தது என்று கேட்காதீர்கள். பார்த்தது.

"தோள்ல பிடிக்குதாங்கய்யா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. மூட்டம் வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தது. தெருவில் ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. கோட்டின் மார்பில் விறைப்பாக நிற்கட்டும் என்று இரண்டு அடுக்குக் கஞ்சித் துணி வைத்திருந்தேன். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏலக்காய் வாசம் மட்டும் திடீரென்று கூடியது மாதிரி இருந்தது. விரலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் தோள் அழகாக உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன்.

எவ்வளவு நேரம் டேப்போடு நின்றேனோ. பக்கத்துக் கடை காமாட்சி அக்கா சாமி படத்துக்குத் தினமும் போடுகிற பூவோடு உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றி, பூவை ஐயாவின் காலடியில் வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேத்துத்தான் என்கிட்ட சிரிச்சுப் பேசிட்டுப் போனாக," என்றார்.

கோத்திருந்த விரல்கள் பிரிந்தன. சாட்டின் உரசும் சத்தம் மெல்லக் கேட்டது. வலது கை வயிற்றிலிருந்து தானாக எழும்பியது. அவசரமே இல்லாமல், யாரோ மேலேயிருந்து நூல் கட்டி இழுக்கிற மாதிரி, முழங்கை மேஜையிலேயே இருக்க, கை மட்டும் உயர்ந்து நின்றது. பிறகு இடது கை. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

காமாட்சி அக்கா போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அதற்குள் ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டிருந்தேன். தாழுக்கு மேல் பொம்மையையும் முட்டுக் கொடுத்திருந்தேன். (அதை எப்போது தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பது நினைவில்லை.)

ஐயா தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். கண் அயர்ந்ததும் பிடி தளர்ந்திருக்கிறது. மடங்கிய கையை என் கிராஸ் லைனிங் ரப்பராக இழுத்து நிமிர்த்திவிட்டது. நான் வெளியே வந்தபோது பாதிப் பஜார் வாசலில் நின்றது. ஐயா மேஜையில் எழுந்து உட்கார்ந்து, காலடியில் இருந்த பூவை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரூத்தம்மா வந்தார். ஐயாவைப் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்கிட்டச் சொல்லாம எங்கன கெளம்புறீக?"

ஐயா குனிந்த தலை நிமிரவில்லை. ரூத்தம்மா கோட்டின் முன்பக்கத்தைப் பிடித்து உலுக்கினார். அது திறந்துகொண்டது. உள்ளே மாதுளம் முத்து நிறம். உலுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் துணியை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவர்களிடம், "இங்கன என்ன கூத்தா நடக்குது? போய் வேலையப் பாருங்க," என்றார்.

கைக்குத் துணி பற்றாமல் நான் செய்த வேலையை அன்று மாலையே ஐயாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ரூத்தம்மா ஒரு பையோடு கடைக்கு வந்தார். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் தடுக்கவும் இல்லை. ரூத்தம்மா பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது ஒரு பழைய பட்டுச் சேலை. நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

"கைக்கு இதை வெட்டு. துணி பத்தலன்னு இனி சொல்லாத."

கத்தரிக்கோலை எடுத்தேன். முந்தியை அப்படியே விட்டுவிட்டு, கரையோடு ஓடும் நெடுக்கு நூலில், ஒரு விரற்கடை தாராளமாக வெட்டினேன். தைத்து முடித்து ஐயாவை மறுபடியும் படுக்கவைத்தோம். கை வயிற்றில் அடங்கிக் கிடந்தது. மச்சான் வெளியே போய்ப் போர்டு எழுதுகிறவருக்குப் போன் போட்டார்.

போர்டில் என்ன எழுதினால் என்ன? போடியில் இன்றுவரை எங்களுக்குப் "பொணம் எந்திரிச்ச கடை" என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் பந்தியில் யாராவது கையைத் தூக்கிச் சோறு கேட்டால், "என்ன, லைனிங் குட்டையா?" என்பாள் அக்கா.

ஞானமுத்து ஐயா இன்னும் இருக்கிறார். கோட்டும் பீரோவில் இருக்கிறது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எனக்கு ஆள் வரும். ஆள் மெலிகிறார், கோட்டு மெலிவதில்லை. பக்கத் தையலில் கொஞ்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது. கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ரூத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துத் தருவார். "இன்னும் எம்புட்டுப் பிடிக்கலாம்?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். நிறைய இடம் இருக்கிறது என்பேன்.

எல்லாம் முடிந்து நான் டேப்பைச் சுருட்டும்போது, ஐயா கண்ணைத் திறக்காமல், வலது கையை மெல்ல, மிக மெல்ல மேலே தூக்குவார். முதல் வருடம் அலறிவிட்டேன். ரூத்தம்மா சிரித்த சிரிப்பில் ஊசி எங்கோ விழுந்து, மூவரும் தேடினோம். இப்போதெல்லாம் நான் அலறுவதில்லை. டேப்பைச் சுருட்டிவிட்டு, அந்தக் கை எழும்பும்வரை மூச்சுவிடாமல் நிற்கிறேன்.

போன வருடம் கொஞ்சம் தாமதமாகத்தான் எழும்பியது.